கப்பலுக்குப் போன கல்

பாய்,

இன்று காலை எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் வந்தது. ஆறடி நீளம், கறுப்பு, பாலிஷ் போட்டது. மேஸ்திரி அதை வண்டியிலிருந்து இறக்கி வாசல் சுவரில் நேராக நிறுத்திவிட்டு, அதற்கு முன்னாலேயே குந்தி உட்கார்ந்து பென்சிலால் அளவு குறிக்கத் தொடங்கினார். நான் அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. தம்ளர் தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்றார் மேஸ்திரி.

"எழுந்திருங்க. மொதல்ல அங்கேர்ந்து எழுந்திருங்க."

"இருபது வருஷமா இந்த வேலதாம்மா செய்றேன். ஒரே ஒரு கல்லு. அது எங்க போவப்போவுது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, எழுந்து கல்லின் அடியை ஒரு சாண் வெளியே இழுத்து நன்றாகச் சாய்த்து வைத்தார். தண்ணீர் ஊற்றி அறுத்தபோது அந்த ஈரக்கல் வாசனை வீடு முழுக்க ஏறியது. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளறையில் வந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டாவது ரம்ஜானும் வந்து போய்விட்டது.

நாம் முதலில் பழகியது தோல் கம்பெனியில். ஆம்பூரில் அந்தக் கட்டடத்தின் மாடியில் நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவள். கீழே கிடங்கில் நீங்கள் பேக்கிங் சூபர்வைசர். பேரணாம்பட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எந்தக் கட்டு எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று லேபிளைப் பார்த்ததும் சொல்லிவிடுவீர்கள். எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "எழுத்து படிக்கத் தெரியாது சிஸ்டர், மூஞ்சி தெரியும்" என்றீர்கள். நீளமான மூஞ்சி ராட்டர்டாம், குட்டையான மூஞ்சி ஜெனோவா. எனக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நான் உங்களுக்கு சிஸ்டர், நீங்கள் எனக்கு பாய்.

அந்தக் கம்பெனி மூடியபோது முதலில் வேறு வேலை பிடித்தது நீங்கள்தான். மாதனூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கிரானைட் தொழிற்சாலை. ஒரு வாரத்தில் எனக்குப் போன் செய்தீர்கள். "இங்க காகித வேலைக்கு ஆள் தேடறாங்க. வந்துடுங்க. கல்லு நாறாது சிஸ்டர்."

கல் நாறவில்லை. ஆனால் கனத்தது. தோல் ஏற்றினால் கன்டெய்னர் கூரை வரைக்கும் நிரம்பும். கல் ஏற்றினால் பாதிப் பெட்டி காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். அந்த வெற்றிடம்தான் உங்களுக்கு எதிரி. பாளம் பாளமாக அறுத்துப் பாலிஷ் போட்ட கற்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, பட்டை போட்டுக் கட்டி, பெட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்தி, நான்கு பக்கமும் மரக்கட்டையால் முட்டுக் கொடுப்பீர்கள். கடைசியில் ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பீர்கள். சத்தம் பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடியும் அடிக்கச் சொல்வீர்கள். ஆட்கள் முணுமுணுப்பார்கள். "தோலு நனைஞ்சா சரக்குதாண்டா போவும். இது சாஞ்சா ஆளு போய்டுவான்" என்பீர்கள்.

ஒவ்வொரு பெட்டியும் எதற்குப் போகிறது என்று என்னிடம் கேட்டுக்கொள்வீர்கள். ஆஸ்பத்திரித் தரை, ரயில் நிலையத்துப் படி, யாரோ ஒருவர் வீட்டுச் சமையல் மேடை. "அந்தப் படியில ஏறப்போறவனுக்கு மாதனூர் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று சிரிப்பீர்கள். ஒருமுறை அவசர சரக்கோடு சென்னைத் துறைமுகம் வரை ட்ரெய்லரில் போனீர்கள். திரும்பி வந்ததும் கப்பலைப் பார்த்தீர்களா என்று ஆசையாகக் கேட்டேன்.

"இன்னா கப்பலு? ரெண்டு நாளா லாரி பின்னால லாரிதான் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன். ஒரே பேஜாரு. கடல் காத்து மட்டும் வந்துச்சு. அது போதும்னு வந்துட்டேன்."

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் அந்த வியாழக்கிழமைக்கு வராமலே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. அப்படித்தான் பல வருடம் இருந்தேன்.

அந்த வாரம் முதலாளி வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தார். ஏற்றுமதி முழுவதும் என் பொறுப்பு. போலந்துக்கு ஒரு பெட்டி போக வேண்டும். அங்கே ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள், தரைக்கும் படிக்கும் நம் கல். திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது என்று வாங்குகிறவர்கள் தினமும் மெயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம் மறுநாள் காலை. மூன்று நாள் மழையில் எல்லாமே தாமதம். மதியம் இரண்டு மணிக்கு நீங்கள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தீர்கள்.

"சிஸ்டர், முத்திர போட்ட கட்ட தீந்துடுச்சு. மழையில லோடு வரல. கதவுப் பக்கம் ரெண்டு கட்டுக்குப் பாதி முட்டுதான் குடுத்திருக்கேன்."

பூச்சி வராதபடி சூடேற்றி முத்திரை குத்திய கட்டையைத்தான் அந்த நாட்டில் ஏற்றுக்கொள்வார்கள். சாதாரணக் கட்டை போட்டால் பெட்டியையே திருப்பிவிடுவார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இப்ப இன்னா பண்ணலாங்கறீங்க பாய்?"

"நாளைக்குக் கட்ட வந்துடும். கதவ மூட வேணாம். நாளைக்கு முட்டுக் குடுத்துட்டு அனுப்புவோம்."

"நாளைக்குன்னா கப்பல் போய்டும். அடுத்தது ரெண்டு வாரம் கழிச்சுதான்."

"போவட்டும். கப்பல் திரும்பி வரும் சிஸ்டர்."

"முதலாளி யாரக் கேப்பாரு? உங்களயா, என்னயா? வழியில சாயுமா, சொல்லுங்க."

நீங்கள் யோசித்தீர்கள். பொய் சொல்லத் தெரியாதவர். "வழியில சாயாது. பட்ட இறுக்கமா இருக்கு. அங்க போயி எறக்கும்போது, விஷயம் தெரியாம பட்டய அறுத்தான்னா, அப்ப சாயும்."

"அப்போ சீல் போடுங்க. நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்."

"மெயில் போட்டுடுவீங்களா? கதவுப் பக்கம் ரெண்டு கட்டு, பட்டய அறுக்கறதுக்கு முன்னாடி முட்டுக் குடுக்கணும்னு. மறக்காம போடணும் சிஸ்டர்."

"போட்டுடறேன். நீங்க மூடுங்க."

மூடினீர்கள். ட்ரெய்லர் நாலு மணிக்குக் கிளம்பியது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த மெயிலைத் தட்டவும் செய்தேன். நாலே வரி. அனுப்பப் போகும்போது கை நின்றது. இதைப் படித்தால், அரைகுறையாகக் கட்டிய சரக்கை ஏன் ஏற்றினாய் என்று கேட்பார்கள். முதலாளிக்கும் ஒரு நகல் போகும். அவர் அங்கே கண்காட்சியில் அந்த ஆட்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்குக் கொஞ்சம் பதமாக எழுதி அனுப்பலாம் என்று அப்படியே சேமித்துவைத்தேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்து அவர் படுத்த படுக்கையாக இருந்த வருடம் அது, உங்களுக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் கப்பல் கிளம்பிவிட்டது. கப்பல் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை நீங்கள் கேட்டீர்கள்.

"மெயில் போட்டீங்களா சிஸ்டர்?"

"போட்டேன் பாய்."

அதைச் சொல்ல எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. சொன்ன பிறகு, நிஜமாகவே போட்டுவிட்டது போன்ற ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில்தான் மறந்தேன். இன்று வரை என்னால் வேறு விதமாக இதை விளக்க முடியவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் இது இன்னும் பயமாக இருக்கிறது.

பெட்டி அங்கே போய்ச் சேர்ந்த நான்காம் நாள் மெயில் வந்தது. கூடவே மூன்று படங்கள். இறக்குகிற இடத்தில், கதவுப் பக்கத்து முதல் கட்டின் பட்டையை அறுத்தபோது கல் சாய்ந்து ஒரு தொழிலாளி நசுங்கி இறந்துபோனார். படத்தில் அவர் இல்லை. உடைந்த கற்கள் இருந்தன. நம் கட்டை இருந்தது, அதில் உங்கள் சுத்தியல் பட்ட தழும்புகூடத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கையுறை கிடந்தது.

முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மேசைமேல் படங்களைப் பரப்பிவைத்துவிட்டுக் கேட்டார்.

"யாரு கட்டினது?"

"நான்தான் சார்" என்றீர்கள்.

"பாதி முட்டு ஏன் இல்ல?"

"கட்ட பத்தல. தாங்கும்னு நெனச்சு நான்தான் விட்டேன்."

"எக்ஸ்போர்ட்ல சொல்லலையா?"

நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தக் கேள்விக்கும் உங்கள் பதிலுக்கும் நடுவில் ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். நான் பேசியிருக்கலாம்.

"சொல்லல சார். மேடத்துக்கு இதுல சம்பந்தமில்ல."

அன்று மாலையே உங்களை நிறுத்திவிட்டார்கள். டிபன் டப்பாவையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு நீங்கள் கேட்டைத் தாண்டி நடந்தபோது நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் வெளிய வந்து இன்னா பண்றது? அண்ணன் படுத்துக்கெடக்காரு. பசங்க படிக்குதுங்க. எனக்கு மரவாடியில போனா வேல குடுப்பாங்க." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள். "நாம சொல்லிட்டோம் இல்ல சிஸ்டர்? மெயில்ல போட்டோம் இல்ல? அதயும் படிக்காம அறுத்திருக்கான் பாருங்க. நாம இன்னா பண்ண முடியும்?"

"ஆமா பாய்" என்றேன்.

பேரணாம்பட்டு பஸ் வந்தது. ஏறிவிட்டீர்கள்.

மரவாடியில் சேர்ந்தீர்கள். மரத்தூளில் உங்களுக்கு இருமல் வந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நான் உங்கள் வீட்டுக்கு வருவேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் வரும்போது, இன்று சொல்லிவிட வேண்டும் என்று முதல் வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே வருவேன். வீட்டில் அக்கா டீ கொண்டுவந்து வைப்பார்கள். உங்கள் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சுற்றி வளைத்து அந்தப் பேச்சு வரும். இறந்துபோனவர் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டீர்கள். தேடிப் பார்த்துச் சொன்னேன். பாவெல். உங்கள் வாயில் அது நிற்கவில்லை. "எங்க பைபிள்ல வர்ற பவுல்தான் பாய், அவங்க ஊர்ல அப்படிச் சொல்றாங்க" என்றேன்.

"பவுலு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டீர்கள். "தெனமும் துஆவுல அவரு வீட்டுக்காகக் கேக்கறேன் சிஸ்டர். பசங்க இருக்குமா அவருக்கு?"

"தெரியல பாய்."

"சொல்லியும் நடந்துடுச்சே. அதுதான் மனசு ஆறல. ஆனா சொல்லிட்டோம். அது ஒண்ணுதான்."

அந்த 'அது ஒண்ணுதான்' வந்ததும் நான் கட்டிக்கொண்டு வந்த வாக்கியம் கரைந்துபோகும். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இருமல் நெஞ்சுக்கு இறங்கி, உங்களை வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அக்கா போன் செய்தபோது, இனி தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. பொது வார்டில் ஜன்னல் பக்கக் கட்டில். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "வாங்க சிஸ்டர், இங்கயும் கட்டுப்போட்டு முட்டுக் குடுத்துத்தான் வெச்சிருக்காங்க" என்று சிரித்தீர்கள். அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். நான் உட்காரக்கூட இல்லை.

"பாய், அந்த மெயில நான் போடல."

உங்களுக்குப் புரியவில்லை.

"எழுதினேன். அனுப்பல. போட்டேன்னு பொய் சொன்னேன். அவங்களுக்கு யாரும் எதுவும் சொல்லல. அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது."

நீங்கள் அழவில்லை, கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அத்தனை வருடப் பழக்கத்தில் நான் பார்க்காத ஒரு முகம் அது. பிறகு மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னீர்கள்.

"இத்தன வருஷம் சொல்லாதவங்க இப்ப ஏன் சொன்னீங்க? சொல்லிட்டோம்னு ஒண்ணு இருந்துச்சு. அத வெச்சுக்கினுதானே நான் தூங்கிட்டிருந்தேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அக்கா வரும்வரை நின்றிருந்தேன். நீங்கள் திரும்பவில்லை. என் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். படிக்கட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது, அதை இறக்கி உங்கள்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று. மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்த ஒரு மனிதர்மேல். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தேன். "தூங்கறாரும்மா" என்றார்கள் அக்கா. அவர்கள் தோளுக்குப் பின்னால் உங்கள் கண் திறந்திருந்ததைப் பார்த்தேன். பையில் இருந்த ஆரஞ்சை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து உங்கள் போன். வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நலம் விசாரிக்க நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

"அந்த வீட்டுக்கு எழுதினீங்களா?"

"எந்த வீட்டுக்கு பாய்?"

"பவுலு வீட்டுக்கு."

"இல்ல."

"எழுதுங்க. நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க. என் பேரயும் போடுங்க."

"உங்க பேரு எதுக்கு பாய்? நீங்க வேணாம்னுதானே சொன்னீங்க."

"வேணாம்னு சொன்னவன் கடைசில மூடிட்டான் இல்ல? போடுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டீர்கள். என்னை மன்னித்ததாகவோ மன்னிக்கவில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. உங்கள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

முதலில் முதலாளியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர், "இப்ப இதக் கெளறி யாருக்கு இன்னா லாபம்? நீங்க எழுதினா இங்க இருக்க முடியாது" என்றார். அன்றே வேலையை விட்டேன். அதைப் பெரிய தியாகமாக இங்கே எழுதவில்லை. பிள்ளைகள் அதற்குள் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார்கள், வீட்டுக்காரரும் கோலூன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். எனக்குச் சுலபமான பிறகுதான் செய்தேன். உங்களுக்கு எதுவும் சுலபமாக இல்லாதபோது நீங்கள் செய்தீர்கள்.

முகவரி கிடைக்கவே வாரங்கள் ஆயின. அந்த ஊர்க் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில், நான் முகம் பார்க்காமலே பல வருடம் கடிதத்தில் பழகிய ஒரு பெண்மணி இருந்தார். கெஞ்சிக் கேட்டதும் எங்கெங்கோ விசாரித்து அனுப்பினார். பவுலுக்கு ஒரே மகள். மழை, கட்டை, கப்பல், சேமித்து வைத்த மெயில், சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதினேன். கீழே என் பெயரையும் உங்கள் பெயரையும் போட்டேன். தபாலில் சேர்த்துவிட்டு, எழுதிவிட்டேன் பாய் என்று சொல்ல உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தது உங்கள் தம்பி. காலையில் பஜர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் முந்தியிருக்கலாம். அந்தக் கடிதத்தை நான் மூன்று நாள் திருத்திக்கொண்டிருந்தேன், பாய். அப்போதும் பதமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு வந்தேன். தெருமுனையில் பெண்களோடு நின்றேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது உங்கள் மரவாடி ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. இறக்கும்போது நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே ஒருவர், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு போனார்.

நாற்பதாம் நாள் கழிந்து பதில் வந்தது. கையெழுத்தில், எளிய இங்கிலீஷில், ஒரே பக்கம். திட்டியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுதியிருந்தது வேறு. அப்பா இறந்தபோது, கவனக்குறைவாக அவரே வரவழைத்துக்கொண்ட விபத்து என்று அங்கே எழுதி மூடிவிட்டார்களாம். உடன் வேலை செய்தவர்களும் அப்படியே பேசினார்களாம். அம்மா அதை நம்பி, அவசரக்காரர், அவசரக்காரர் என்று அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டே இத்தனை வருடமும் இருந்தாராம். 'உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அப்பாவின் படத்தைத் துடைத்து மறுபடியும் மாட்டினார். உங்களை எங்களால் மன்னிக்க முடியுமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்பா தப்புச் செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.'

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்கு வந்தேன். நீங்கள் போன பிறகு வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாவில் அக்கா இருந்தார்கள், உள்ளறையில். நான் எதிரே உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதலில் இருந்து, என் பொய்யையும் சேர்த்து. அக்காவுக்கு அது தெரியாது. நீங்கள் அவர்களிடம்கூட என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. கேட்டு முடித்து, தலையில் இருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அங்கயும் ஒரு பொம்பள இத்தன வருஷம் தப்பா நெனச்சுக்கினு இருந்திருக்கா" என்றார்கள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து அவரு சரியாவே சாப்பிடல. நான் நோவுன்னு நெனச்சேன். இந்தக் காகிதம் ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு வேள சோறாவது ஒழுங்காத் துன்னுட்டுப் போயிருப்பாரு."

தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது அக்கா என்னைப் போகச் சொல்லவும் இல்லை, மறுபடி வரச் சொல்லவும் இல்லை. நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். டீ வருகிறது. ஆனால் முன்போல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. அது எனக்குரியதுதான்.

இப்போது ராணிப்பேட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல், ஓடு, குழாய், கதவு நிலை என்று வீடு கட்டுகிற சாமான்கள் எங்கெங்கோ போகின்றன. பெட்டிக்குள் ஏதாவது குறை என்று கிடங்கிலிருந்து ஒருவர் சொன்னால், அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டே மெயிலை எழுதி, அவர் கண்ணெதிரிலேயே அனுப்புகிறேன். "இன்னா மேடம், அவ்ளோ அவசரமா?" என்று கேட்கிறார்கள். இதனால் யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

பவுலின் மகளிடமிருந்து இரண்டாவது கடிதம் போன வாரம் வந்திருக்கிறது. அவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறதாம். தாத்தாவைப் பற்றி ஒருநாள் அதற்குச் சொல்ல வேண்டும், அதனால் எல்லாவற்றையும் சரியாகத் தெரிந்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்கிறாள். கடைசியில் ஒரு கேள்வி. 'உங்கள் கடிதத்தில் நீங்கள் செய்ததெல்லாம் இருக்கிறது, உங்களோடு கையெழுத்திட்ட அந்த இரண்டாவது ஆள் யார், அவர் என்ன செய்தார்?'

முதல் கடிதத்தில் நான் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன், பாய். உங்கள் பெயரை மட்டும் போட்டேன், உங்களைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் என் பங்கு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்று அப்போதும் என் கை ஒரு வரியை விழுங்கியிருக்கிறது.

இதோ, உங்களுக்கு எழுதி முடித்ததும் அவளுக்கு எழுதப்போகிறேன். திருத்தப் போவதில்லை. இரவு ஆவதற்குள் தபாலில் சேர்த்துவிடுவேன். அவர் கதவை மூட வேண்டாம் என்று சொன்னவர், உன் அப்பாவுக்காகத் தினமும் தொழுகையில் கேட்டவர், உன் அப்பாவின் பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டு முறை சொல்லிப் பார்த்தவர் என்று.